ஆண்டவரிடம் மொய் நோட்டு கிடையாது

எங்கள் சபைக்குப் புதிதாக வருகிறவர்களோடு, ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது என் பொறுப்பு. பல வருடமாகச் செய்து வருகிறேன். ஒருவர் தேனிப் பக்கமிருந்து வேலை மாற்றலாகி மதுரைக்கு வந்திருப்பார். ஒரு பெண் கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்திருப்பாள். இன்னொருவர் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரருக்காக யாரோ செய்த ஜெபத்தைக் கேட்டுவிட்டு, மனசு கேட்காமல் தேடி வந்திருப்பார். எங்கிருந்து வந்தாலும் இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ ஒரு கேள்வி வரும். பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, குரலைத் தணித்துக் கேட்பார்கள்: "டீச்சர், இங்க எவ்வளவு குடுக்கணும்?"

நல்ல கேள்விதான். பதிலும் இந்தக் கட்டுரையில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். வாங்கத் தெரியாதவர் கொடுத்தால், ஒன்று வீம்புக்குக் கொடுப்பார், இல்லையென்றால் பயத்தில் கொடுப்பார். இரண்டையும் நான் செய்திருக்கிறேன். அதனால் வாங்குவதிலிருந்தே ஆரம்பிப்போம். அந்தப் பகுதி நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நோட்டை மூடுங்கள்

மதுரைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மொய்யைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. காதுகுத்தோ கல்யாணமோ, மண்டபத்தில் ஒரு மேசை போட்டிருக்கும். எழுத ஒருவர், பணத்தை எண்ணிப் பையில் போட ஒருவர். ஊர், பெயர், தொகை. விசேஷம் முடிந்ததும் அந்த நோட்டு பீரோவுக்குள் நகையோடு நகையாகப் போய்விடும். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது எடுத்துப் பார்த்து, அவர்கள் செய்ததற்குக் குறையாமல், முடிந்தால் கொஞ்சம் கூட்டிச் செய்வோம். குறைந்தால் பேச்சு வரும். இதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனசு வராது. கையில் காசில்லாத குடும்பங்கள் ஒரு கல்யாணத்தை நடத்தி முடித்தது இந்த ஏற்பாட்டால்தான். என் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது.

ஆனால் அந்தப் பழக்கம் உள்ளே ஊறிப்போய், யார் எது கொடுத்தாலும் மனசு உடனே எழுதிக்கொள்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் மீன் குழம்பு வந்தால், கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கை வராது. ஆண்டவரிடமும் அதே மனசோடுதான் வருகிறோம். "இவ்வளவு செஞ்சிட்டாரே, நான் எதைக் கொடுத்து ஈடுகட்டப்போறேன்" என்று சொல்லும்போது பக்தியாகத்தான் கேட்கும். உள்ளே இருப்பது கடன்காரனின் கூச்சம். கடன் வாங்கியவன், கொடுத்தவரைத் தெருவில் கண்டால் சந்து வழியாகப் போவான். ஜெபிக்க உட்காராமல் நாள் கணக்காகத் தள்ளிப்போடுகிறவர்களில் பலரைச் சோம்பேறி என்று நினைத்துவிடுகிறோம். அவர்கள் சந்து வழியாகப் போகிறவர்கள்.

முதல் வாரம் நான் கொடுக்கிற வேலை இதுதான். ஒரு தாளில், நீங்கள் சம்பாதிக்காமல் உங்களிடம் வந்து சேர்ந்த பத்து விஷயங்களை எழுதுங்கள். தாய்மொழி, பால் கொடுத்தவள், அகரம் எழுதக் கைபிடித்தவர், கிணற்றுத் தண்ணீர், நேற்று ராத்திரித் தூக்கம். உன்னிடம் இருப்பவற்றில் நீ பெற்றுக்கொள்ளாதது எது என்று பவுல் கொரிந்து சபையாரைக் கேட்கிறார் (1 கொரிந்தியர் 4:7). பத்தையும் எழுதிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகையைப் போடப் பாருங்கள். யாராலும் முடிந்ததில்லை.

குழந்தை எப்படி வாங்குகிறது

மாற்கு 10-ஆம் அதிகாரத்தைத் திறந்து, 13-ஆம் வசனத்திலிருந்து 22 வரைக்கும் ஒரே மூச்சில் படியுங்கள். முதலில் பிள்ளைகளைக் கொண்டுவருகிறார்கள், சீஷர்கள் அதட்டுகிறார்கள், இயேசு விசனப்படுகிறார். சிறுபிள்ளையைப்போல ஏற்றுக்கொள்ளாதவன் தேவனுடைய ராஜ்யத்துக்குள் வரமாட்டான் என்று சொல்லி, பிள்ளைகளை அணைத்து ஆசீர்வதிக்கிறார். உடனே அடுத்து, ஆஸ்தியுள்ள ஒருவன் ஓடி வருகிறான். "நித்திய ஜீவனைச் சுதந்தரிக்க நான் என்ன செய்ய வேண்டும்?" என்பது அவன் கேள்வி. மத்தேயு, மாற்கு, லூக்கா மூவருமே இந்த இரண்டு சம்பவங்களையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். லூக்காவில் அவை கைக்குழந்தைகள். கைக்குழந்தை எதைக் கொண்டுவரும்? அதைத்தான் ஒருவர் தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஓடி வந்தவனோ கை நிறைய வைத்திருந்தான். கட்டளைகளையும் சிறுவயதிலிருந்தே கைக்கொண்டவன். துக்கத்தோடு திரும்பிப் போனவன் அவன்தான்.

'குழந்தை மாதிரி' என்றால் கள்ளமில்லாமல், வெள்ளை மனசாக இருப்பது என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். பிள்ளை வளர்த்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள். மூன்று வயசுக்குள் எத்தனை பொய், எத்தனை அடம்! இயேசு சொன்னது வேறு என்று எனக்குப் புரிந்தது எங்கள் ஞாயிறு பள்ளியின் சின்ன வகுப்பில்தான். கடலை மிட்டாய் கொடுக்கும் நாளில் ஒரு குட்டிப் பையன், மூன்று வயசிருக்கும், கையில் பிளாஸ்டிக் காரோடு வந்தான். மிட்டாயைப் பார்த்ததும் காரைத் தொப்பென்று கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினான். "எதுக்கு டீச்சர் இதெல்லாம்" என்று சொல்லவில்லை. போன வாரம் செய்த சேட்டைக்கு வெட்கப்படவில்லை. நான் நினைத்தால் தரமாட்டேன் என்கிற எண்ணமே அவனுக்கு இல்லை. வாங்கினான், கடித்தான், பாகு ஒழுகிய பாதித் துண்டை என் வாய்க்குள் திணித்தான். எச்சிலும் வெல்லமும் கலந்து என் மோவாயெல்லாம் பிசுபிசுத்தது. "நல்லாருக்கு டீச்சர்" என்றான்.

அந்தப் பாதித் துண்டு அவன் எனக்குத் திருப்பிக் கட்டிய கடன் கிடையாது. அவனுக்கு இனித்தது, அதனால் எனக்கும் ஊட்டினான். இந்தக் கட்டுரையில் இனி 'கொடுப்பது' என்று எங்கே வந்தாலும் அந்தத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் சிறுமலர் என்ற பெயரோடு ஏதாவது ஒரு பள்ளியையோ கோயிலையோ பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குரிய குழந்தை இயேசுவின் புனித தெரேசாள், பிரான்சில் ஒரு மடத்துக்குள் வாழ்ந்து 1897-ல் 24 வயதில் காசநோயால் இறந்த கத்தோலிக்கக் கன்னிகை. கடவுள் முன்னால் வெறுங்கையோடு நிற்க அவருக்குக் கூச்சமில்லை, ஆசையே இருந்தது. 'சின்ன வழி' என்று சொல்வது அதைத்தான். நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள். ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் எனக்கும் டீச்சர்தான்.

ஒரு வாரம் மறுக்காமல் வாங்கிப் பாருங்கள்

இது செய்முறைப் பயிற்சி. ஒரு வாரத்துக்கு யார் எது கொடுத்தாலும், பஸ்ஸில் இடமோ ஒரு டம்ளர் காபியோ ஒரு பாராட்டோ, "வேண்டாங்க", "எதுக்கு உங்களுக்குச் சிரமம்" என்று சொல்லாமல் வாங்குங்கள். "சந்தோஷம்" என்று சொன்னால் போதும். பதிலுக்கு என்ன செய்யலாம் என்று அந்த வாரம் யோசிக்காதீர்கள். (தப்பான நோக்கத்தோடு கொடுக்கப்படுவதை, லஞ்சத்தை, மறுக்கத்தான் வேண்டும். அது வேறு.) கேட்கச் சுலபமாக இருக்கும். மூன்றாம் நாளே திணறுவீர்கள்.

எனக்குக் கால் எலும்பு முறிந்து கட்டுப்போட்டு வீட்டில் கிடந்த சமயம், சபைப் பெண்கள் முறை வைத்து மூன்று வாரம் சோறு கொண்டுவந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? யாருடைய டிபன் கேரியர், என்ன குழம்பு, எத்தனை முட்டை என்று ஒரு சீட்டில் எழுதித் தலையணைக்கு அடியில் வைத்தேன். கால் சரியானதும் ஒவ்வொருவருக்கும் செய்துவிட வேண்டும் என்று. வயசான ஓர் அம்மா ஒருநாள் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. கேரியரைத் திறந்து சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏத்தா, சூடு ஆறுது. கணக்கை வச்சிட்டுச் சாப்பிடு" என்றார். அன்றைக்குச் சாப்பிட்ட கத்தரிக்காய்க் குழம்பின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அதற்கு முந்தைய பத்து நாள் என்ன சாப்பிட்டேன் என்பதற்கு அந்தச் சீட்டில்தான் ஆதாரம் இருந்தது, நாக்கில் இல்லை.

பெரிய வியாழனன்று பாதம் கழுவும் ஆராதனைக்கு ஒருமுறை என்னையும் உட்கார வைத்தார்கள். ஆயர் குனிந்து என் காலைத் தொட்டபோது, குதிகால் வெடிப்பை அவர் பார்க்கிறாரே என்று உடம்பே கூசியது. காலை இழுத்துக்கொள்ளலாமா என்று வந்தது. இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவ வந்தபோது பேதுருவும் அதைத்தான் செய்தார், நீர் ஒருபோதும் என் கால்களைக் கழுவக்கூடாது என்று (யோவான் 13:8). கழுவ விடாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்று பதில் வந்தது. ஆண்டவருக்காக வாளேந்தத் தயாராக இருந்தவருக்கு, அவரிடம் கால் கொடுப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது.

வாரம் முடிந்ததும் காலை ஜெபத்தை ஆரம்பியுங்கள். ஐந்து நிமிஷம் போதும். எழுந்ததும், போனை எடுக்கும் முன், உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் மடிமேல் மேல்நோக்கி வையுங்கள். "ஆண்டவரே, இன்றைக்கு நீர் தருவதை வாங்கிக்கொள்கிறேன்." வேறெதுவும் கேட்க வேண்டாம், சும்மா இருங்கள். திருவிருந்தில் அப்பம் வாங்க ஒரு கைமேல் ஒரு கை வைத்து நீட்டுகிறோமே, அதே கைதான் இது. (ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் ஆகும்வரை திருவிருந்தில் பங்கெடுக்க முடியாமல் இருக்கலாம். முன்னால் போய் ஆசீர்வாதம் மட்டும் பெறலாமா என்று ஆயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) ஏன் தினமும் என்றால், வனாந்தரத்தில் இஸ்ரவேல் மக்களுக்கு மன்னா என்ற உணவு வானத்திலிருந்து அப்படித்தான் விழுந்தது. அந்தந்த நாளுக்கு ஆளுக்கு ஓர் ஓமர் அளவு. நாளைக்கு இருக்கட்டும் என்று விடியும்வரை வைத்தவர்களின் மன்னாவில் பூச்சி உண்டாகி நாற்றமெடுத்தது (யாத்திராகமம் 16:20).

அப்புறம் கேட்கலாம்

கேளுங்கள். மதுரைத் தமிழிலேயே கேளுங்கள். 'கிருபாசனத்தண்டையில்' என்றெல்லாம் ஆரம்பிக்கத் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். "அப்பா, பையனுக்கு ஃபீஸ் கட்டணும், வழி தெரியல" என்பது முழு ஜெபம்.

கேட்டதெல்லாம் கிடைக்குமா? கிடைக்காது. என் அம்மாவுக்காக இரண்டு வருடம் அழுது ஜெபித்தேன், சபையே ஜெபித்தது. அம்மா போய்விட்டார். ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, தெரிந்த மாதிரி உங்களிடம் பேசமாட்டேன். அந்த நாட்களில் நான் செய்தது ஒன்றுதான். அழுகையை அவரிடமே கொண்டுபோனேன். பிள்ளை, அப்பா கேட்டதை வாங்கித் தரவில்லையென்றாலும், அழுவதற்கு அப்பா தோளைத்தானே தேடுகிறது. ஆறுதல் சொல்கிறேன் என்று வந்து, "உன் விசுவாசம் பத்தல" என்று சொன்னவர்களும் உண்டு. உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சனிக்கிழமை ராத்திரி ஒரு நோட்டு

முதலில் நோட்டை மூடச் சொன்னேன், இப்போது ஒன்றைத் திறக்கச் சொல்கிறேன். இதற்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு. இதில் வரவு மட்டும்தான். சனிக்கிழமை ராத்திரி பத்து நிமிஷம், அந்த வாரம் வந்து சேர்ந்ததை எழுதுங்கள். பெரிதாகத் தேட வேண்டாம். 'செவ்வாய், மழை. மாடித் துணியைக் கீழ்வீட்டு அக்கா எடுத்து வைத்தார்.' 'வெள்ளி, காய்ச்சல் விட்டது.' தேதி போடுங்கள், எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஸ்தோத்திரம் என்று சொல்லும்போது வாயில் வார்த்தை மட்டும் வராது, அந்தத் துணியும் காய்ச்சலும் நினைவில் வரும்.

இனிக் கொடுப்பது: பிடியரிசி

காணிக்கை என்ற சொல் காணுதலிலிருந்து வந்தது. பெரியவர் ஒருவரைக் காணப் போகும்போது கையில் கொண்டுபோவது. போய்ப் பார்க்கிற ஆசைதான் முதலில். தாவீது ராஜா ஆலயத்துக்காகப் பொன்னும் வெள்ளியும் குவித்துவிட்டு ஜெபிக்கும்போது, எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம் என்கிறார் (1 நாளாகமம் 29:14). அவர் கையிலிருந்து வாங்கியதை அவருக்கே ஊட்டுகிறோம். கடலை மிட்டாய்க்காரப் பையன் செய்தது இதைத்தான்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், சமையலறையிலிருந்து என்பேன். எங்கள் அப்பத்தா திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் இருந்தார். உலை வைக்க அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருந்த சின்னக் கலயத்தில் போடுவார். வாய் ஏதோ முணுமுணுக்கும். காலையில் ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி. அரிசி இல்லாத நாளில் கம்பு, அதுவும் இல்லாவிட்டால் சோளம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கலயத்தை முந்தானையில் கவிழ்த்து முடிந்துகொண்டு கோயிலுக்கு நடப்பார். கோயில் வாசலில் ஒரு சாக்கு விரித்திருக்கும். பல வீட்டு அரிசி ஒன்றாய் விழும்போது, பச்சரிசியும் புழுங்கலும் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நிறத்தில் இருக்கும், அந்த நிறத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆண் துணையில்லாத வீடுகளுக்கும், ஊழியக்காரர் வீட்டுக்கும் அது போகும். அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கையில் காசும் புரண்டதில்லை. ஆனால் வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் கொடுக்காமல் சாப்பிட்டதில்லை.

இதில் எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று, முதலில் எடுக்கிறோம். சோறு வடித்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை எடுக்கவில்லை. இரண்டு, பிடி என்பது அவரவர் கையளவு. எஜமானி அம்மாளின் பிடியும் கூலிக்காரியின் பிடியும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் வீட்டில் இன்றைக்கே ஆரம்பிக்கலாம். உங்கள் சபையில் பிடியரிசி வாங்கும் வழக்கம் நின்றுபோயிருந்தால், தெருவில் தேவைப்படுகிற ஒரு வீட்டுக்கு வாரக்கடைசியில் கொடுங்கள். பிள்ளைகள் கையால் போடச் சொல்லுங்கள், அவர்கள் பிடி சின்னது, அதுவும் சேரட்டும்.

பணம், பை, கவர்

புதிதாக வருகிறவர்களைக் குழப்புகிற இடம் இது, அதனால் சடங்கைச் சொல்லிவிடுகிறேன். ஆராதனையில் பாட்டு நடக்கும்போது காணிக்கைப் பையோ தட்டோ வரிசையாக வரும். முடிந்ததைப் போடலாம், கையில் இல்லையென்றால் பக்கத்தில் நகர்த்திவிடலாம், யாரும் பார்க்கமாட்டார்கள், பார்க்கவும் கூடாது. மாதச் சந்தா உறுப்பினர்களுக்கு. பிறந்தநாள், கல்யாணநாள், பிரயாணத்திலிருந்து பத்திரமாக வந்தது, இவற்றுக்குக் கவரில் வைத்துக் கொடுப்பது ஸ்தோத்திர காணிக்கை. பல சபைகளில் க்யூஆர் அட்டையும் வந்துவிட்டது. கத்தோலிக்கப் பங்கில் சேர்ந்தவர்கள் பங்குத்தந்தையையோ உங்கள் தெரு அன்பியத்தின் (அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு) பொறுப்பாளரையோ கேளுங்கள், அங்கே வழக்கம் கொஞ்சம் மாறும்.

அறுப்பின் பண்டிகையைத் தவறவிடாதீர்கள். பூசணிக்காய், வாழைத்தார், கோழி, நெல், கீரைக்கட்டு என்று கொண்டுவந்து பீடத்தருகே குவிப்பார்கள். ஆராதனைக்குப் பிறகு ஏலம். ஒரு தேங்காயை ஒருவர் ஏலத்தில் எடுத்து, பணத்தையும் கொடுத்துவிட்டு, தேங்காயை மறுபடி ஏலத்துக்கே விடுவார். அது இப்படியே நாலைந்து கை மாறும். பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். போட்டிக்காகக் கேட்டுவிட்டு வீட்டில் போய் வருத்தப்படாதீர்கள். நிலமில்லாதவர்கள் என்ன கொண்டுவருவது? எங்கள் சபையில் தையல் தொழில் செய்யும் ஒரு பெண், அந்த மாதத்தில் முதலில் தைத்த பாவாடையைக் கொண்டுவந்தாள். அவளுக்கு அதுதான் அறுப்பு.

சரி, எவ்வளவு? பழைய ஏற்பாட்டில் தசமபாகம், பத்தில் ஒன்று. பவுல் எழுதும்போது கணக்கு எதுவும் சொல்லவில்லை. விசனமாயும் கட்டாயமாயும் இல்லாமல் அவனவன் தன் மனதில் நியமித்தபடி கொடுக்கட்டும் என்கிறார், உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடம் தேவன் பிரியமாயிருக்கிறார் என்கிறார் (2 கொரிந்தியர் 9:7). என் யோசனை: முகம் சுளிக்காமல் கொடுக்க முடிகிற அளவில் தொடங்குங்கள். நூற்றுக்கு இரண்டோ மூன்றோ இருக்கட்டும். ஆறு மாதம் தவறாமல் செய்யுங்கள். பிறகு ஒரு படி கூட்டுங்கள். பத்துக்கு வந்தால் அங்கேயும் நிற்க வேண்டிய கட்டாயமில்லை. சம்பளம் வந்த அன்றே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். வாரத்தின் முதல் நாளில் வரவுக்குத் தக்கபடி சேர்த்து வைக்கச் சொன்னதும் பவுல்தான் (1 கொரிந்தியர் 16:2). கணவனோ மனைவியோ தெரியாமல் கொடுக்காதீர்கள். கடன் வாங்கிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கொடுத்தால் ரசீது வாங்குங்கள், வருடக் கணக்கு வாசிக்கும் சபைக் கூட்டத்தில் உட்காருங்கள். கேள்வி கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், பவுல் எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தை எப்படி அனுப்பினார் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒருவரும் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது என்றே, தன் உடன் ஊழியர் தீத்துவோடு சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்டவரையும் சேர்த்து அனுப்புகிறார் (2 கொரிந்தியர் 8:18-21).

சபைச் சுவருக்கு அந்தப் பக்கம்

நாம் வாங்கியது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பாருங்கள். 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து அமெரிக்க மிஷனரிகள் வேலையைத் தொடங்கினார்கள். 1881-ல் பசுமலையில் தொடங்கிய கல்லூரிதான் இன்றைக்கு அமெரிக்கன் கல்லூரி. அதற்கெல்லாம் பணம், மதுரையை ஒருநாளும் பார்க்காத அமெரிக்கச் சபையாரின் காணிக்கையிலிருந்து வந்தது. அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க நமக்கு வழியில்லை, அவர்கள் எதிர்பார்க்கவும் இல்லை. பக்கத்துத் திருநெல்வேலியில் 1903-ல், பின்னாளில் பேராயரான அசரியாவும் நண்பர்களும் இந்தியன் மிஷனரி சொசைட்டியைத் தொடங்கியபோது, வாங்கியதை முன்னால் தள்ளிவிட்டார்கள். இங்கே சேர்ந்த காணிக்கை தெலுங்கு தேசத்து தோர்ணக்கலுக்குப் போனது.

உங்களுக்குத் தோர்ணக்கல்வரை போக வேண்டியதில்லை. கோரிப்பாளையத்தில் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. இராமநாதபுரம், சிவகங்கை, தேனி, விருதுநகர் என்று சுற்று மாவட்டமெல்லாம் அங்கேதான் வருகிறது. நோயாளிக்கு உள்ளே கட்டில் இருக்கும். கூட வந்தவர் வெளியே தரையில் படுத்திருப்பார். அங்கே போகும்போது சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நேராக நீட்டாதீர்கள். முதலில் பக்கத்தில் உட்காருங்கள். "எந்த ஊருங்க, யாருக்கு முடியல?" என்று கேளுங்கள். நானும் ஒருநாள் பத்துப் பொட்டலத்தோடு போனேன். ஓர் அய்யா, "சோறு காலையிலேயே ரெண்டு பேரு குடுத்துட்டாங்கம்மா. ஊருக்கு ஒரு போன் போட்டுத் தர்றீங்களா?" என்றார். அவர் போனில் சார்ஜ் இல்லை. வீட்டில் தனியாக இருந்த மனைவியிடம் பத்து நிமிஷம் பேசினார். பேசி முடித்து, தன் பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். பழைய நானாக இருந்தால் "ஐயோ, வேண்டாங்கய்யா, நீங்க சாப்பிடுங்க" என்றிருப்பேன்.

அங்கே ஜெபம் கேட்டால் ஜெபியுங்கள், கேட்காதவர்களிடம் பிரசங்கம் வேண்டாம். உதவியோடு நிபந்தனையைக் கட்டினால் அது மறுபடி மொய்தான். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஜோடியாகப் போங்கள். கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையார் ஏழை வீடுகளுக்கு இருவர் இருவராகத்தான் போவார்கள். 1833-ல் பாரிஸில் பிரெட்ரிக் ஓசானாம் என்ற 20 வயசு மாணவரும் நண்பர்களும் தொடங்கியது அது. இளையவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இடறுகிற இடங்கள்

"ஆயிரம் விதைத்தால் லட்சமாக அறுப்பாய்" என்று பேசுகிறவர்களிடம் கவனமாக இருங்கள். அது வட்டிக் கணக்கு. வசதியில்லாத பெண்கள் கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நடக்காதபோது தங்கள் விசுவாசத்தையே சந்தேகித்து அழுவதைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரிகிறது. பொருத்தனை (நேர்த்திக்கடன்) செய்வதாக இருந்தாலும், "இதைத் தந்தால் அதைத் தருவேன்" என்று பேரம் பேசாமல், கிடைத்ததற்கு நன்றியாகச் செய்யுங்கள்.

ஏழை விதவை தன்னிடமிருந்த இரண்டு காசையும் காணிக்கையாகப் போட்ட கதையைச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்துகிறவர்கள் இருப்பார்கள். லூக்கா 21-ல் அந்தக் கதைக்குச் சற்று முன்னால், 20:47-ஐப் படியுங்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதேபோல, பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழிப்பதையும் அவர் ஏற்கவில்லை (மாற்கு 7:11). அம்மாவுக்கு மாத்திரை வாங்கிவிட்டுக் கோயிலுக்கு வாருங்கள்.

பெயர் பொறித்த மின்விசிறி, பெயர் பொறித்த பெஞ்சு பற்றி அதிகம் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். பெற்றோர் நினைவாக ஆசையோடு செய்கிறவர்களும் உண்டு. உங்கள் பெயரைப் போட வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு ராத்திரித் தூக்கம் எப்படி இருந்தது என்று சனிக்கிழமை நோட்டில் எழுதுங்கள்.

உங்களிடம் இருப்பது கொஞ்சம்தான் என்று தோன்றும் நாட்களில் இயேசு ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்ட ஐந்து அப்பம் இரண்டு மீன் கதைக்குப் போங்கள். நான்கு சுவிசேஷங்களிலும் அது உண்டு. ஆனால் அதைக் கொண்டுவந்தது ஒரு சிறுவன் என்று யோவான் மட்டும்தான் சொல்கிறார், அவை வாற்கோதுமை அப்பங்கள் என்றும் (யோவான் 6:9). அதாவது நம்ம ஊர்க் கம்பு ரொட்டி மாதிரி, ஏழை வீட்டுச் சாப்பாடு. இது எத்தனை பேருக்குப் போதும் என்று சீஷர் அந்திரேயா கேட்டார். பையன் கேட்டதாக எழுதியிருக்கவில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பத்து விஷயங்கள் எழுத ஒரு தாள், காலையில் ஐந்து நிமிஷம், அடுப்படியில் ஒரு பாத்திரம். கலயத்துக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்து, ஈரமில்லாமல் போடுங்கள். ஞாயிறு தவறாமல் காலி செய்துவிடுங்கள். அடுத்த வாரம் சேர்த்துக் கொடுக்கலாம் என்று இரண்டு மூன்று வாரம் வைத்தால் வண்டு விழும்.